வலி இடப்பக்கம், களைப்பு வலப்பக்கம்

ஆகஸ்ட் 4

அம்மா இன்றும் அதே கேள்வியைக் கேட்டாள். "மாப்பிள்ளை வீட்டுல பொண்ணு என்ன வேலை பாக்குதுன்னு கேக்குறாங்க. பிசியோன்னு சொல்லிட்டேன். ஒண்ணும் தப்பில்லையே?"

"தப்புதாம்மா. பிசியோ வேற, நான் வேற."

"என்னடி வேற? ரெண்டு பேரும் கையக் கால நீட்டு, மடக்குன்னுதானே சொல்றீங்க?"

எக்சர்சைஸ் பிசியாலஜிஸ்ட் என்று ஒருமுறை முழுதாகச் சொன்னேன். அதைச் சொல்லி முடிப்பதற்குள் வரன் கைவிட்டுப் போய்விடும் என்றாள். எனக்கும் சிரிப்பு வந்தது.

கோவில்பட்டிக்கு வந்து, இந்தப் பெண்கள் ஹாக்கி அகாடமியில் சேர்ந்து ஒரு மாதம் ஆகப்போகிறது. இங்கும் எல்லோருக்கும் நான் 'புது பிசியோ அக்கா'தான். பழைய பிசியோ ஜெபசிங் சார் ஆறு வருடமாக இருக்கிறார். வந்த முதல் வாரத்திலேயே அவரிடம் வாங்கிக் கட்டிக்கொண்டேன். பின்தொடை வலி என்று வந்த கோல்கீப்பர் பெண்ணுக்கு நானே பயிற்சி சொல்லிக் கொடுத்திருந்தேன். அவர் கோபப்படவில்லை. நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"மேடம், ஒருத்திக்கு வலிச்சா, வலிக்கிறது தசையா, மூட்டா, நரம்பான்னு கண்டுபிடிச்சு அதச் சரியாக்குறது என் வேலை. சரியான பெறகு அந்த உடம்பு எவ்வளவு ஓடலாம், எவ்வளவு தூக்கலாம், மூச்சும் நெஞ்சும் எந்த அளவு தாங்கும்னு அளந்து, பயிற்சியக் கூட்டிக் குறைக்கிறது உங்க வேலை. எங்கிட்ட படுத்துக்கிட்டு வருவாங்க. உங்ககிட்ட ஓடிக்கிட்டு வருவாங்க. மாத்திக்க வேண்டாம்."

அவர் சொன்னது சரி. அன்றே பேசி முடித்துக்கொண்டோம். வலி என்றால் இடப்பக்க அறை, களைப்பு என்றால் வலப்பக்க அறை. ஒருவர் அறைக்குள் சொன்னதை மற்றவர் கேட்பதில்லை. பெண்களுக்கு இந்த ஏற்பாடு பிடித்துவிட்டது. புதிதாகச் சேருகிறவளுக்கு மெஸ் எங்கே, குளியலறை எங்கே என்று காட்டும்போதே இதையும் சொல்லிவிடுகிறார்கள்.

வலி இல்லாத விளையாட்டுக்காரி கிடையாது. அதனால் இடப்பக்கம் எப்போதும் கூட்டம். என் பக்கம் கோச் அனுப்பினால்தான் ஆள் வரும். எனக்கு அதில் வருத்தம் ஒன்றுமில்லை. மதியங்களில் நிறைய வாசிக்க முடிகிறது.

ஆகஸ்ட் 6

மழை வருவதுபோல் இருட்டிக்கொண்டு வந்தது, வரவில்லை. வாசித்துக்கொண்டிருக்கும் நாவலில் பாதி முடிந்தது. யாரும் வரவில்லை.

ஆகஸ்ட் 9

முதல்முறையாக ஒருத்தி தானாக வந்தாள். முப்பிடாதி, முன்வரிசை ஆட்டக்காரி. பந்தோடு போகும்போது அவளை யாராலும் பிடிக்க முடியாது என்பார்கள்.

"யக்கா, களைப்புன்னா ஒங்ககிட்டதான வரணும்?"

"ஆமா, உக்காரு."

"உக்காந்தா எந்திரிக்க முடியாது போலக்கா. அப்பிடி இருக்கு."

நெஞ்சில் துடிப்பை அளக்கும் பட்டையைக் கட்டி டிரெட்மில்லில் ஓடவிட்டேன். ஜூலையில் எளிதாக ஓடிய வேகத்துக்கே இன்று இதயம் திணறுகிறது. நிறுத்திய பிறகும் துடிப்பு இறங்க வெகுநேரம் ஆகிறது. பயிற்சி செய்யச் செய்ய உடம்பு தேற வேண்டும். இவள் உடம்பு தேய்கிறது.

செப்டம்பர் எட்டாம் தேதி சென்னையில் ரயில்வே அணிக்கான தேர்வு. எடுத்துக்கொண்டால் விளையாட்டோடு நிரந்தர வேலை. அவளுடைய அம்மா தீப்பெட்டி ஆபீசுக்குப் போகிறவர். (இந்த ஊரில் தொழிற்சாலையை ஆபீஸ் என்கிறார்கள். எனக்கு அது பிடித்திருக்கிறது.) அப்பா இல்லை. "இந்தத் தடவ எடுத்துருவாங்கக்கா, கோச் சொல்லிட்டாரு" என்றாள். அதைச் சொல்லும்போது மட்டும் அவள் முகத்தில் களைப்பு இல்லை.

ஓட்டத்தைக் குறைத்து ஒரு வாரத்துக்குத் திட்டம் போட்டுக் கொடுத்தேன். கோச் வேல்ச்சாமி அதைப் பார்த்துவிட்டு, "தேர்வு நேரத்துல ரெஸ்ட்டா? அவ இன்னும் கொஞ்சம் எடை கொறைக்கணும், கொறைச்சா இன்னும் பறப்பா" என்றார். பாதியாவது குறைக்க ஒப்புக்கொண்டார்.

ஆகஸ்ட் 13

முப்பிடாதி மறுபடி வந்தாள். கதவைச் சாத்திவிட்டு வந்து உட்கார்ந்தாள்.

மெஸ்ஸில் அவள் முட்டையை அடுத்தவள் தட்டுக்குத் தள்ளுவதைப் பார்த்திருந்தேன். இரவுச் சாப்பாட்டுக்கு வருவதே இல்லை. அதைப் பற்றி மெதுவாகக் கேட்டேன். பேச்சு சுற்றி வளைத்து வேறிடத்துக்குப் போனது. ஊர்க் கோவில் பங்குனிப் பொங்கலுக்குப் பிறகு, நாலு மாதமாக, அவளுக்கு மாதத் தூரம் வரவில்லை.

"நல்லதுதானக்கா. மேட்ச் நேரத்துல அந்தத் தொல்ல இல்ல."

"நல்லது இல்ல முப்பிடாதி. சாப்பிடுறது பத்தாம இவ்வளவு உழைச்சா, உடம்பு ஒவ்வொரு வேலையா நிறுத்த ஆரம்பிக்கும். முதல்ல நிறுத்துறது இதத்தான்."

என் கையைப் பிடித்துக்கொண்டாள். "யாருட்டயும் சொல்லிறாதீங்க. கோச்சுக்குத் தெரிஞ்சா டாக்டரு, டெஸ்ட்டுன்னு தேர்வுக்கு அனுப்ப மாட்டாரு. பிசியோ சாருக்குத் தெரியவே கூடாது. அவரு முகத்தப் பாக்க முடியாதுக்கா. எங்கம்மாகிட்டகூடச் சொல்லல. ஒங்ககிட்ட மட்டுந்தான் சொல்லிருக்கேன்."

சொல்ல மாட்டேன் என்றேன். டாக்டரம்மாவிடம் போக வேண்டும் என்றேன். தேர்வு முடிந்ததும் என்றாள். இரவு கட்டாயம் சாப்பிட வேண்டும் என்று அவளிடமும் ஒரு வாக்கு வாங்கிக்கொண்டேன்.

ஒருவர் நம்பிச் சொன்னதைச் சுமப்பது எனக்குச் சிரமமே இல்லை. சிறு வயதிலிருந்தே அப்படித்தான். மாலையில் வெகுதூரம் நடந்தேன். கரிசல் காட்டில் வெளிச்சம் நன்றாக இருந்தது. இந்த ஊருக்கு வந்ததிலிருந்து இவ்வளவு நல்ல மாலை அமையவில்லை.

ஆகஸ்ட் 18

முப்பிடாதி இடப்பக்க அறையிலிருந்து வெளியே வருவதைப் பார்த்தேன். தொடையில் ஒட்டுப்பட்டை போட்டிருந்தது. என்னைப் பார்த்துச் சிரித்தாள்.

கேட்கவில்லை. அது அந்தப் பக்கம்.

ஆகஸ்ட் 22

இரவில் சாப்பிடுகிறாள். மெஸ் அக்கா சாட்சி. "ரெண்டு தோச எடுத்தா, ஒன்ன முழுசாத் தின்னா. ஒங்க பேரச் சொல்லித்தான் தின்னா, வேண்டுதல் மாதிரி." இதயத் துடிப்பும் கொஞ்சம் மட்டுப்பட்டிருக்கிறது. என் திட்டம் வேலை செய்கிறது என்று தோன்றுகிறது.

மாடிப்படி இறங்கும்போது கைப்பிடியைப் பிடித்துப் பிடித்து இறங்கினாள். "தொடப் பிடிப்புக்கா, சாருக்குத் தெரியும்" என்று நான் கேட்காமலே சொன்னாள்.

ஆகஸ்ட் 27

டீக்கடையில் ஜெபசிங் சார் கேட்டார். "முப்பிடாதி ஒங்க பக்கம் எப்பிடி இருக்கா?"

"பரவாயில்ல சார். தேறிட்டு வர்றா."

"எம்பக்கம் தேறலையே. சாதாரணத் தொடைப் பிடிப்பு. இந்நேரம் போயிருக்கணும். பத்து நாளா என்ன செஞ்சாலும் அந்த வலி அடங்காத குழந்தை மாதிரி அழுது."

டீ சூடாக இருந்தது. அவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். மற்றவர் அறையில் சொன்னதைக் கேட்கக் கூடாது என்பது எங்கள் ஏற்பாடு. அவர் கேட்கவில்லை. கேட்காமல் கேட்டார்.

"வேற எதாவது..." என்று இழுத்தார்.

"இல்ல சார்" என்றேன்.

அது பொய் என்று எழுதத் தயங்குகிறேன். அந்த விஷயம் என்னுடையதில்லை, அவளுடையது. நாவலில் இன்று ஒரு பக்கம்கூட நகரவில்லை.

செப்டம்பர் 1

எலும்பு.

இந்த ஒரு சொல்லை எழுதிவிட்டு மேலே எழுத முடியாமல் உட்கார்ந்திருக்கிறேன்.

செப்டம்பர் 3

நின்றுபோன தூரத்தையும் அடங்காத தொடை வலியையும் சேர்த்துப் பார்த்தபோதுதான் எலும்பு என்று தோன்றியது. நேற்று முழுவதும் கல்லூரிக் கால நோட்ஸைத் தேடி எடுத்துப் படித்தேன். புதிதாக எதுவும் இல்லை. தேர்வில் பத்து மதிப்பெண்ணுக்கு நானே எழுதிய விடைதான். மாதவிலக்கு நின்றால் எலும்பைக் காக்கும் சுரப்பும் குறைகிறது. அந்த எலும்பில் தினமும் ஓட்டத்தின் அடி இறங்கினால் கண்ணுக்குத் தெரியாமல் கீறல் விழும். தொடை எலும்பின் கழுத்தில், இடுப்பு மூட்டுக்குள் விழுந்தால் அதுதான் மோசம். அந்த வலி தொடையில் வருவதுபோலவும் தோன்றும்.

இன்று அவளைக் கூப்பிட்டு விரலால் தொட்டுக் காட்டச் சொன்னேன். எங்கே வலிக்கிறது?

வெளித்தொடையைத் தொட்டாள்.

"உண்மையா?"

தலையைக் குனிந்துகொண்டு கையை உள்ளே நகர்த்தினாள். தொடையும் அடிவயிறும் சேரும் மடிப்பில் வைத்தாள். "இங்க. உள்ளுக்குள்ள. சாருட்ட எப்பிடிக்கா இங்கன்னு காட்டுறது? அவரு ஆம்பள. தொடன்னு சொன்னேன். அவரும் தொட மேலதான் பாத்தாரு."

ஒற்றைக் காலில் குதித்தால் வலிக்கிறதா என்று பார்ப்பது உண்டு. நான் சொல்லவில்லை. குதித்தால் எலும்பு முறிந்துவிடுமோ என்று எனக்குப் பயம் வந்திருந்தது.

"முப்பிடாதி, இத நான் சாருட்ட சொல்லணும். இப்பவே."

எழுந்துவிட்டாள். எழும்போது முகம் சுளித்ததையும் பார்த்தேன். "சொல்ல மாட்டேன்னு சொன்னீங்களா இல்லையா? எட்டாம் தேதி ஒரு நாள்தான்க்கா. அன்னைக்கு மட்டும் ஓடிட்டா எங்கம்மா ஆபீசுக்குப் போக வேண்டாம். பெறகு கால வெட்டிக்கூட எடுத்துக்கோங்க."

"வெளையாடாத."

"நான் வெளையாடத்தானக்கா வந்துருக்கேன்."

"ஓடாம இருக்கியா? தேர்வு வரைக்கும் பயிற்சிக்குப் போகாம?"

"இருக்கேன். சத்தியமா."

நாளைக் காலை சொல்லிவிடுவேன் என்று அவளிடம் சொல்லியிருக்க வேண்டும். அவள் சத்தியம் செய்ததைப் பிடித்துக்கொண்டு பேசாமல் நின்றேன்.

செப்டம்பர் 4

நடந்ததை வரிசையாக எழுதுகிறேன்.

காலையில் பயிற்சி ஆட்டம் இருப்பது எனக்குத் தெரியாது. தூத்துக்குடியிலிருந்து ஓர் அணி வந்திருந்தது. நான் போனபோது களத்துக்குத் தண்ணீர் தெளித்து முடித்திருந்தார்கள். முன்வரிசையில் முப்பிடாதி நின்றாள். என்னைப் பார்த்ததும் வேறு பக்கம் திரும்பிக்கொண்டாள்.

கோச்சிடம் போனேன். "சார், முப்பிடாதிய இன்னைக்கு வெளிய உக்கார வைங்க."

"ஏன்? களைப்பா?"

"களைப்பு இல்ல சார்."

"வலின்னா பிசியோ சொல்லட்டும். நேத்துதான் அவரு, தொடப் பிடிப்புதான், பட்டை ஒட்டிக்கிட்டு ஓடலாம்னாரு. நீங்க ஒங்க பக்கத்தப் பாருங்க மேடம்."

எங்கள் ஏற்பாட்டை அவர் எனக்கே திருப்பிச் சொன்னார். விசில் அடித்தார்கள். ஆட்டம் ஆரம்பித்துவிட்டது.

கோட்டருகே நின்று பார்த்தேன். அவள் நேராக ஓடும்போது ஒன்றும் தெரியவில்லை. திரும்பும்போதுதான் தெரிந்தது. வலது காலை ஊன்றித் திரும்ப வேண்டிய இடங்களில் எல்லாம் ஒரு தப்படி கூடுதலாக வைத்து இடது காலில் திரும்பினாள். பந்து இரண்டு முறை கைவிட்டுப் போனது. "ஏட்டி முப்பி, என்னட்டி சுத்திக்கிட்டுக் கெடக்க!" என்று அவள் கூட்டாளிகள் கத்தினார்கள். மூன்றாவது முறை, எதிரி தடுக்க வந்தபோது வேறு வழியில்லாமல் வலது காலை ஊன்றித் திரும்பினாள். மட்டையைத் தரையில் ஊன்றிக்கொண்டு ஒரு கணம் அப்படியே நின்றாள். பிறகு ஓடினாள்.

எந்த முடிவும் எடுத்ததாக எனக்கு நினைவில்லை. இடப்பக்க அறைக்குள் நின்றுகொண்டிருந்தேன். ஜெபசிங் சார் ஒரு பெண்ணின் கணுக்காலுக்குத் துணி சுற்றிக்கொண்டிருந்தார்.

"சார், முப்பிடாதிக்குப் பங்குனியிலேர்ந்து தூரம் வரல. சாப்பிடுறதும் இல்ல. வலி தொடையில இல்ல. இடுப்பு மடிப்புல, உள்ள."

அந்தப் பெண் வாயைப் பொத்திக்கொண்டாள். இப்படி இன்னொருத்தி காதில் விழச் சொல்லுவேன் என்று நானே நினைத்ததில்லை.

அவர் கையிலிருந்த துணிச் சுருள் கீழே விழுந்து உருண்டது. "எப்பலேர்ந்து ஒங்களுக்குத் தெரியும்?" என்று கேட்டார். பதிலுக்குக் காத்திருக்கவில்லை. ஓடினார். அவர் கொஞ்சம் கனமான ஆள். ஓடி நான் பார்த்ததில்லை. ஆட்டம் நடந்துகொண்டிருக்கும்போதே, பந்துக்குக் குறுக்காக, இரண்டு கையையும் விரித்துக்கொண்டு களத்துக்குள் போனார்.

"யோவ் ஜெபசிங்! கிறுக்கா ஒனக்கு?" என்று கோச் கத்தினார்.

"ஆட்டத்த நிப்பாட்டுங்க. முப்பிடாதி, அசையாத. ஒரு அடிகூட எடுத்து வைக்கக் கூடாது. அப்பிடியே நில்லு."

"எனக்கு ஒண்ணுமில்ல சார், நடப்பேன்."

"நடக்கக் கூடாதுங்கேன்!"

பிளாஸ்டிக் நாற்காலி ஒன்றைக் கொண்டுபோய் உட்கார வைத்து நாலு பேராகத் தூக்கி வந்தார்கள். என்னைத் தாண்டிப் போகும்போது அவள் என்னைப் பார்த்தாள். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

செப்டம்பர் 5

திருநெல்வேலி. ஸ்கேன் எடுத்தார்கள். தொடை எலும்பின் கழுத்தில் கீறல், பாதிக்குக் கொஞ்சம் குறைவான தூரம் வரைக்கும். முழுதாகப் பிளக்கவில்லை.

எலும்பு டாக்டர் படத்தை விளக்கின்மேல் வைத்துக் காட்டினார். "இன்னும் ரெண்டு மூணு தடவை வேகமாத் திரும்பியிருந்தா ரெண்டாப் போயிருக்கும். இந்த எடத்துல ஒடைஞ்சா ரத்த ஓட்டம் போயிரும். இருபது வயசுல இடுப்ப மாத்த வேண்டி வந்துருக்கும்." இப்போதைக்கு அறுவை சிகிச்சை வேண்டாம். வாரக்கணக்கில் அந்தக் காலை ஊன்றவே கூடாது. மகளிர் டாக்டரும் பார்க்க வேண்டும், சாப்பாட்டுத் திட்டம் போட உணவு நிபுணரும் பார்க்க வேண்டும்.

முப்பிடாதியின் அம்மா ஆபீசிலிருந்து நேராக வந்திருந்தார். விரல்களில் தீக்குச்சி மருந்தின் கறை. "சென்னைக்கு?" என்று மட்டும் கேட்டார். முடியாது என்று டாக்டர் தலையை ஆட்டினார். அந்த அம்மா அழவில்லை. மகளின் தலையைத் தடவிக்கொண்டே, "சோறு திங்கலையாம்லா, சோறு திங்கலையாம்லா" என்று திரும்பத் திரும்பச் சொன்னார்.

வெளியே பெஞ்சில் ஜெபசிங் சாரும் நானும் வெகுநேரம் உட்கார்ந்திருந்தோம்.

"நான் சொல்லியிருக்கணும் சார். டீக்கடையிலயே."

"ஆமா, சொல்லியிருக்கணும்." ஆறுதலாக ஒன்றும் சேர்க்கவில்லை. பிறகு, "நானும் எங்கன்னு சரியாக் கேட்டிருக்கணும். பொம்பளப் புள்ளன்னு கூச்சப்பட்டு, அவ காட்டுன எடத்த மட்டும் பாத்தேன். ஒரு பெண்ணக் கூட நிறுத்தி வச்சு முழுசாப் பாத்திருந்தா அன்னைக்கே தெரிஞ்சிருக்கும். தூரம் வருதான்னும் கேக்கல. கேக்க வேண்டிய கேள்விதான்" என்றார்.

செப்டம்பர் 8

இந்நேரம் சென்னையில் தேர்வு நடந்துகொண்டிருக்கும்.

ஆஸ்பத்திரிக்குப் போனேன். மூன்று நாளாக அவள் என்னோடு பேசவில்லை. இன்றும் சுவரைப் பார்த்துத்தான் படுத்திருந்தாள். மன்னிப்புக் கேட்டேன். "நீ நம்பிச் சொன்னத நான் வெளிய சொல்லிட்டேன். ஒனக்குக் கோபம் இருக்கும்."

"அதுக்கு யாரு கோவிச்சா?"

எனக்குப் புரியவில்லை.

திரும்பிப் பார்த்தாள். கண்கள் சிவந்திருந்தன. "எனக்கு ஒண்ணும் தெரியாதுக்கா. நான் பன்னெண்டாவதோட நின்னவ. தூரம் வரலன்னா எலும்பு போகும்னு எனக்கு எப்பிடித் தெரியும்? ஒங்களுக்குத் தெரியும்லா. நான் கெஞ்சினா நீங்க கேட்டுருவீங்களா? சின்னப் புள்ள கெணத்துல குதிக்கேன்னு கெஞ்சுனா விட்டுருவீங்களா? அன்னைக்கே சொல்லியிருந்தா ஒரு மாசம் ரெஸ்ட்டு எடுத்துருப்பேன், சோறு தின்னுருப்பேன். கீறலே விழுந்துருக்காது. இப்ப என்ன, அடுத்த வருசமாவது ஓடுவேனான்னு தெரியல."

சரிந்திருந்த போர்வையை அவள் கால்மேல் இழுத்து விடப் போனேன்.

"போங்கக்கா. சார மட்டும் வரச் சொல்லுங்க."

செப்டம்பர் 15

அகாடமிக்குத் திரும்பிவிட்டாள். கீழ் அறை ஒன்றை ஒதுக்கியிருக்கிறார்கள். ஜெபசிங் சார் ஊன்றுகோலில் நடக்கப் பழக்குகிறார், வலது கால் தரையில் படாமல். இடுப்பைச் சுற்றியுள்ள தசைகளைப் படுத்தபடியே இறுக்கித் தளர்த்தச் சொல்கிறார். அவர் இருக்கும்போது மெஸ் அக்காவும் கூட இருக்கிறார்.

கோச் நேற்று மெஸ்ஸுக்கு வந்து முப்பிடாதி தட்டில் தானே இரண்டு முட்டை வைத்துவிட்டுப் போனார்.

கால் ஊன்றாத வாரங்களில் நெஞ்சும் மூச்சும் மங்கிவிடும். எலும்பு கூடினாலும் ஆட்டத்துக்குத் திரும்ப அதுவே பெரிய தடையாகும். கையால் சுற்றும் மிதிவண்டி மாதிரி ஒரு சாதனம் சாமான் அறையில் தூசி படிந்து கிடந்தது. துடைத்து, எண்ணெய் விட்டேன். எவ்வளவு நேரம், எந்த அளவு, அதற்குக் கூடுதலாக எவ்வளவு சாப்பிட வேண்டும் என்று டாக்டரிடமும் கேட்டுத் திட்டம் போட்டேன். ஜெபசிங் சாரிடம் கொடுத்து, அவர் சொன்னதாகவே சொல்லச் சொன்னேன்.

"நான் பொய் சொல்லணுமா மேடம்?"

"பேரச் சொல்ல வேண்டாம். அவ்வளவுதான்."

அவர் தலையைச் சொறிந்துகொண்டு போனார்.

செப்டம்பர் 17

ஜெபசிங் சார் வந்தார். "கண்டுபிடிச்சுட்டா. 'இது சாரு போட்டதில்ல, சாருக்கு மூச்சு வாங்குறதப் பத்தி என்ன தெரியும்'னு கேக்கா. ஒங்களையே வரச் சொல்லுதா. திட்டுறதுக்கு ஆள் வேணுமாம்."

போனேன். திட்டினாள். நன்றாகவே திட்டினாள். கையால் சக்கரத்தைச் சுற்றிக்கொண்டே திட்டியதால் நடுநடுவே மூச்சு வாங்கியது. நெஞ்சுப் பட்டை காட்டும் துடிப்பைப் பார்த்தேன். இதயம் ஜூலையில் இருந்த இடத்துக்கு மெல்ல இறங்கிவருகிறது. அதை அவளிடம் சொன்னேன். "சரி சரி" என்றாள். வேகத்தைக் கூட்டினாள்.

செப்டம்பர் 20

அம்மா கூப்பிட்டிருந்தாள். அப்புறம் பேசுகிறேன் என்று வைத்துவிட்டேன்.

மாலையில் முப்பிடாதி சுற்றி முடித்து, ஊன்றுகோலை எடுத்து எழுந்து நின்றாள். பெண்கள் ஏழெட்டுப் பேர் பயிற்சி முடித்து வராந்தாவில் உட்கார்ந்திருந்தார்கள். அவள் என் பக்கம் சாய்ந்து, தணிந்த குரலில் சொன்னாள்.

"யக்கா, வலிக்குது."

"எங்க?"

"அக்குளுக்குக் கீழ. ஊன்றுகட்ட அழுத்துது. ரெண்டு நாளா. சாருட்ட சொல்லல, கொள்ள வேல பாக்காரு பாவம், தொல்ல வேண்டாம்னு..."

அவள் முடிப்பதற்குள் நான் வராந்தாவுக்கு வந்துவிட்டேன். இடப்பக்க அறையைப் பார்த்து, "ஜெபசிங் சார்! முப்பிடாதிக்கு அக்குள்ல வலிக்குதாம், இப்பவே வாங்க!" என்று கத்தினேன். களத்தின் அந்தக் கோடியில் வலையைச் சுருட்டிக்கொண்டிருந்த கோச் நிமிர்ந்து பார்த்தார். பெண்கள் எல்லோரும் பேச்சை நிறுத்திவிட்டார்கள்.

"மெதுவாக்கா!" முப்பிடாதிக்கு முகம் சிவந்துவிட்டது. "ஒங்ககிட்ட ஒண்ணு சொன்னா எட்டயபுரம் வரைக்கும் கேக்குது."

"கேக்கட்டும்" என்றேன்.

ஊன்றுகோலின் உயரத்தைக் குறைக்க, ஜெபசிங் சார் திருப்புளியும் கையுமாக ஓடி வந்துகொண்டிருந்தார்.